வீட்டின் அமைப்பும் வீட்டின் மதிப்பும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இங்கு கூடியுள்ள ஒவ்வொரு புள்ளியின் குடும்பத்தையும் தொடுவதாகும். நம் முன்னோர் கட்டிவைத்துப் போன வீடுகளுக்கு மதிப்பு யாது, அம்மதிப்பு எதிலிருந்து பிறக்கின்றது என்பதே அவ்விஷயம். வீடுகளின் பெருமையைப் புகழ்ந்துரைப்பது நமது நோக்கமன்று. அது போதிய அளவு செய்யப்பட்டுவிட்டது. நாம் பெருமை பேசிக்கொண்டிருக்கும் போதே வீடுகள் சில தாமே இடிந்து வீழ்கின்றன. சில நம்மவராலேயே இடித்து விற்கப்படுகின்றன. ஆகவே, பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய குலத்தவராகிய நாம், இவ்விஷயத்தையும் கணக்கு முறையிலேயே ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருதல் நலமாகும்.

ஒரு பழைய வீடு கிரயத்துக்கு வருங்கால் வழக்கமாக இரண்டு கணக்குகள் போடப்படுகின்றன. முதலாவது மனைக் கணக்கு: இடம் எத்தனை செண்டு, செண்டு என்ன விலை என்பது. இரண்டாவது மரக் கணக்கு: தேக்குத் தூண் எத்தனை, உத்தரம் எத்தனை, கன அடி எவ்வளவு, வேலைப்பாடுள்ள நிலைக்கதவு என்ன விலை போகும் என்பது. இவ்விரண்டையும் கூட்டி, இடிப்புக் கூலியைக் கழித்து, எஞ்சிய தொகையைப் பங்காளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று தேறுகின்றது. அத்துடன் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுகின்றோம்.

ஆனால், இக்கணக்கை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இதில் மண் இருக்கின்றது, மரம் இருக்கின்றது, வீடு எங்கே இருக்கின்றது? வீடு என்ற பொருள் இந்த ஐந்தொகையில் எந்தப் பக்கத்திலும் வரவு வைக்கப்படவில்லை. விட்டுப்போன அந்தத் தொகைதான் வீட்டின் அமைப்பு, அதாவது கட்டட முறை. அதற்கு விலையுண்டு என்பதையும், அவ்விலை முழு வீட்டுக்கன்றிப் பகுதிகளுக்குக் கிடையாது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இச்சொற்பொழிவின் கருத்து.

கட்டட முறை என்றால் என்ன? பலர் அதை அலங்காரம் என்று கருதுகின்றனர். இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானியப் பூவோடு, ஆங்கில நாட்டு இரும்புத் தூண், பர்மாத் தேக்கு என்று அடுக்கிச் சொல்வதே செட்டிநாட்டு வீட்டின் வருணனையாக வழங்கிவருகின்றது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவை வீட்டின் அணிகலன்களேயன்றி வீடல்ல. நகையைக் கழற்றினாலும் உடல் உடலாகவே நிற்பது போல, இவற்றை நீக்கினாலும் நிற்கும் ஓர் உடல் நம் வீடுகளுக்கு உண்டு.

அவ்வுடல் எத்தகையது? தெருவுக்கு மேலே உயர்ந்த அடித்தளம். இருபுறமும் திண்ணை கொண்ட முகப்பு. அதைத் தாண்டினால் வானம் நோக்கித் திறந்த வளவு. அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு. முன்தெருவில் தொடங்கும் மனை பல வீடுகளில் பின்தெரு வரை செல்கின்றது. தலைவாசலில் நின்று நோக்கினால் நிலைக்குள் நிலையாகப் புழக்கடைக் கதவு வரை பார்வை நேராக ஓடும். கூரையின் நாட்டு ஓடுகள் பல அடுக்காகப் பரப்பப்பட்டு வளவின் பக்கம் சரிந்திருக்கும். மழைநீர் அங்கே இறங்கும். வெளிச்சமும் அங்கேயே இறங்கும். வெம்மை அவ்வழியாகவே மேலேறிக் கழியும். மழை குறைந்து வெயில் மிகுந்த நமது சீமைக்கு இதனிலும் ஏற்றதொரு அமைப்பைக் காண்பது அரிது.

காலத்துக்குக் காலம் வீட்டின் தோற்றம் மாறியதுண்டு. பழைய வீடுகள் பெரும்பாலும் தாழ்ந்த கூரையும் மரவேலைப்பாடும் உடையன. கடல் கடந்த வியாபாரம் பெருகிய பின்னர் மெத்தை வீடுகள் எழுந்தன. ஐரோப்பிய மாதிரித் தூண்களும், மேல்மாடத்துக் கைப்பிடிச் சுவர்களும், அவற்றின்மேல் சுதை உருவங்களும் தோன்றின. 1930-களிலும் 1940-களிலும் ஆர்ட் டெக்கோ என்னும் புது மோஸ்தர் நம் முகப்புகளிலும் ஏறிற்று. இத்தனை மாறுதலிலும் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்னும் வரிசை மாறவில்லை. உடை மாறிற்று, உடல் மாறவில்லை. இதனாலேயே பல காலத்து வீடுகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல ஒரே தெருவில் இசைந்து நிற்கின்றன.

இவ்வுடலின் உட்பொருள் யாது? நம்மவரிடையே ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கம் உண்டு. மகனுக்கு மணமானதும் அவனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். வேறு வைத்தல் என்றால் வெளியே அனுப்புதலன்று. ஒரே கூரையின்கீழ் அவர்களுக்கென ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவும் முகப்பும் அனைவருக்கும் பொது. கலியாணமும் படைப்பும் பொது வளவில் நடக்கும். உலை அவரவர் அடுப்பில் கொதிக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளின் வரிசை இவ்வழக்கத்தையே கல்லிலும் மரத்திலும் எழுதி வைத்திருக்கின்றது. ஆகவே நம் வீடு வெறும் மாளிகையன்று. அது ஒரு பங்குப் பத்திரம். எது எனக்கு, எது உனக்கு, எது நம் அனைவருக்கும் என்பதைச் சண்டையின்றி வகுத்துக் காட்டும் பத்திரம் அது.

இன்று நம் வீடுகள் அழிவதற்கு ‘பங்காளிகள் பெருகிவிட்டனர்’ என்பதையே காரணமாகச் சொல்லுகின்றோம். பங்காளிகள் பலர் ஒன்றாயிருத்தற்கென்றே வகுக்கப்பட்ட ஒரு வீடு, பங்காளிகள் பலராயிருப்பதாலேயே அழிகின்றது என்றால், குற்றம் வீட்டின் அமைப்பிலா, நம் நடப்பிலா என்று சிந்தித்தல் வேண்டும்.

நிற்க. இனி மரக் கணக்குக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் சென்றவர்கள், பிரித்தெடுத்த தூண்களும் நிலைகளும் பலகணிகளும் பாத்திரங்களும் கடை கடையாக அடுக்கியிருப்பதைக் கண்டிருப்பார்கள். வாங்குவோர் வாங்குகின்றனர், விற்போர் விற்கின்றனர், அதில் வியாபாரிமேல் பிழையில்லை. ஆனால், ஒரு தூண் வளவில் நிற்கும்போது அது ஒரு வரிசையின் உறுப்பு. கடைக்கு வந்தபின் அது ஒரு மரத்துண்டு. வாங்குபவர் அதைத் தம் மாளிகைக் கூடத்தில் நிறுத்தி அழகு பார்க்கலாம். அவருக்குக் கிடைப்பது நினைவுப்பொருளேயன்றி வீடன்று. விற்றவருக்கோ இரண்டுமில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளைக் கொணர்ந்து முறைப்படி நிறுவியிருக்கின்றனர். முற்றும் அழிந்துபோவதற்கு அது எவ்வளவோ மேல். எனினும் கண்காட்சியில் நிற்கும் வீட்டில் படைப்பு நடவாது; அடுப்பு எரியாது.

மேலும், விற்ற பொருளை மீண்டும் பெறுதல் இயலுமா? பர்மாவில் நம்மவர் கொடுக்கல் வாங்கல் மிகப் பரந்திருந்தது. 1930-ஐ ஒட்டி வந்த விலை வீழ்ச்சியில் கடன்பட்ட உழவர் நிலமிழந்தனர். 1938 அளவில் கீழ்ப்பர்மாவின் நெல் விளையும் 13 ஜில்லாக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் நம்மவர் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனில் புகுந்தது. 1948-இல் பர்மா விடுதலை பெற்று நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. அத்துடன் பெரிய வீடு கட்டும் காலமும் முடிந்தது. தேக்கின் சங்கதியும் அஃதே. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மியான்மர் அரசாங்கம் வெட்டுமரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. ஒரே மரத்தில் கடைந்த நெடுந்தூண் இனி எளிதில் கிட்டாது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து அரைத்து, பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துக் கண்ணாடி போலாக்கும் கொத்தர் கைவேலையும் அருகிவருகின்றது. பெருக்க முடியாத பொருளுக்கு நாள்பட நாள்பட மதிப்பு ஏறும் என்பது வியாபாரத்தின் பாலபாடம். அந்தப் பாடத்தை உலகுக்கு உரைத்த நாம், நம் வீட்டு விஷயத்தில் மாத்திரம் மறந்துபோவது விந்தையே.

அமைப்புக்கு விலையுண்டு என்பதற்குப் பிற நாட்டுச் சான்றுகளையும் நோக்குவோம். இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டின் சட்டமொன்றால், தனித்தனி வீட்டை மட்டுமன்றித் தெருவையும் ஊர்ப்பகுதியையும் சேர்த்துக் காக்கும் முறை ஏற்பட்டது. அத்தகைய பகுதிகளின் வீட்டு விலைகளை லண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் கணக்கிட்டனர். அப்பகுதிகளில் வீடுகள் சராசரி சுமார் 23 சதவீதம் கூடுதல் விலைக்குப் போயின. வீட்டின் அளவு, இருப்பிடம் முதலிய பிற காரணங்களைக் கழித்த பின்பும் சுமார் 9 சதவீதம் கூடுதல் எஞ்சிற்று. அந்த 9 சதவீதம் எந்த ஒரு வீட்டுக்காரரும் தனியே சம்பாதித்ததன்று. அண்டை வீட்டாரும் எதிர்வீட்டாரும் தத்தம் முகப்பைக் கெடுக்காதிருந்ததனால் வந்த ஊதியம் அது. ஒருவர் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதி அடுத்தவர் கையில் இருக்கின்றது என்பது இதனால் விளங்கும். நம் தெருவில் ஒரு வீடு இடிந்தால் நஷ்டம் அவ்வீட்டாருக்கு மட்டுமன்று.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். நம்மவர் கணக்கெழுதி வாழ்ந்த மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள், நகரின் வியாபாரப் பகுதி புதுப்பிக்கப்பட்டபோது மறைந்தன. இன்று அவ்விடத்தில் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. பின்னர் அதே நகரத்தார் மனம் மாறி, 1989-ஆம் ஆண்டில் சீனர் பகுதி, சிராங்கூன் சாலைப் பகுதி முதலிய பழைய வட்டாரங்களைச் சட்டப்படி காப்புப் பகுதிகளாக்கினர். ஒருகாலத்தில் நெருக்கடிக் குடியிருப்பு என்று இகழப்பட்ட அந்த இரண்டு மாடிக் கடைவீடுகளையே இன்று செல்வர்கள் போட்டியிட்டு வாங்குகின்றனர். சுவரும் ஓடும் அவையே. மாறியது அவை முழுவதும் வரிசையாக நிற்கும் என்ற உறுதி.

எனினும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பினாங்கில் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க 1997-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் கட்டுப்பாடு முற்றும் நீங்கிற்று. 2008-இல் அங்குள்ள ஜார்ஜ் டவுன் நகரம் மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழைய வீடுகளின் விலை ஏறிற்று. ஆனால் தலைமுறைகளாக அங்கே குடியிருந்து தொழில் செய்துவந்தோர் பலர் வாடகை தாங்காது வெளியேறினர். வீடு பிழைத்தது; தெருவின் வாழ்வு தேய்ந்தது. ஆகவே விலை ஏறுவதே மதிப்பு என்று மயங்குதல் கூடாது. விலை வாங்குபவரைப் பொறுத்தது. மதிப்போ வாழ்பவரைப் பொறுத்தது.

நமது நாட்டு நிலை என்ன? செட்டிநாட்டு வணிகரின் ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலக மரபுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே சேர்க்கப்பட்டது ஒரு அரண்மனையோ ஒரு மாளிகையோ அன்று, ஊர்த்தொகுதிகள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் அமைந்த தெருக்கள், அத்தெருக்களின் மழைநீரை ஏந்தும் ஊருணிகள், கோயில்கள், வீடுகள் எல்லாம் சேர்ந்ததே அந்த மதிப்பு. கானாடுகாத்தான், காரைக்குடி, கடியாபட்டி ஆகிய ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி வருவாய் ஈட்டுகின்றன. அங்கே வருவோர் தேடுவது தேக்கின் கன அடியை அன்று. வளவில் விழும் காலை வெளிச்சத்தையும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியையும், அவ்வீட்டு அடுப்படியின் சமையலையுமே.

இனி, நம்மவர் கூறும் ஆட்சேபங்களைக் கேட்போம். ‘எண்பது அறை கொண்ட வீட்டை யார் பெருக்குவது? வெளியூரில் சம்பளத்துக்கு வேலை செய்பவன் ஓடு மாற்றப் பணத்துக்கு எங்கே போவான்? ஆண்டுக்கு ஒருநாள் படைப்புக்குத் திறக்கும் வீட்டை ஏன் கட்டி அழுவது?’ என்று கேட்கின்றனர். இவை சோம்பேறிகளின் கேள்விகளல்ல, நியாயமான கேள்விகளே. எல்லா வீட்டையும் காப்பாற்றுதல் சாத்தியம் என்று நாம் சொல்லவில்லை. லண்டனில் வாங்குவோர் நெருங்கி நிற்பது போல நம் ஊர்களில் நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் காக்கக்கூடியதைக் காவாது விடுவதற்கு அது நியாயமாகாது.

செலவைப் பொறுத்தவரை, எதைக் காப்பது, எதை மாற்றுவது என்ற தெளிவு இருந்தால் பாதிப் பாரம் குறையும். அமைப்பே பிரதானம் என்று கண்டோமல்லவா? ஆகவே குளியலறையைப் புதிதாக்கலாம், மின்கம்பியை மாற்றலாம், அடுப்படியில் இக்காலச் சாதனங்களை வைக்கலாம். வளவை மூடித் தளம் போடுதல் கூடாது. திண்ணையை இடித்துக் கடை கட்டுதல் கூடாது. முகப்பின் வரிசையைக் குலைத்தல் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கூரையைக் கவனித்தல் வேண்டும். ஓட்டின் ஒரு விரிசலில் இறங்கும் நீர் கைமரத்தை நனைத்து, உத்தரத்தை அரித்து, சுவரைக் கரைத்துவிடும். பளிங்கு மங்கினால் வீடு சாகாது. கூரை ஒழுகினால் செத்துவிடும். வர்ணத்துக்குச் செலவிடும் பணத்தை முதலில் ஓட்டுக்குச் செலவிடுங்கள்.

பங்காளிகளின் பாத்தியத்தைப் பற்றியும் சில சொற்கள். 2005-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களும் ஆண்மக்களுக்கு ஒப்பாகப் பிறப்புரிமை உடையோராயினர். இதனால் பங்கு பெருகிற்று என்று சிலர் அஞ்சுகின்றனர். நாம் அஞ்சவில்லை. பிறந்த வீட்டின் ஒவ்வொரு மூலையையும் அறிந்து போற்றுபவர்கள் நம் ஆச்சிமாரே. அவர்கள் சொல் பங்காளிகள் கூட்டத்தில் ஏறுமானால் வீடுகள் பல பிழைக்கும். அன்றியும், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தில் நாம் அறியத்தக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. வசதியாகப் பிரிக்க இயலாத சொத்தை, பாதிப் பங்குக்குக் குறையாத பங்குடையோர் கோரினால், பங்கிடுவதற்குப் பதிலாக விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது ஒன்று. பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவர் தம் பங்கை அந்நியருக்கு விற்று, அந்த அந்நியர் பிரிவினை கோரி வழக்கிட்டால், குடும்பத்துப் பங்காளி ஒருவர் அப்பங்கை நீதிமன்றம் மதிக்கும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது வீட்டைக் கரைக்கும் வழி. இரண்டாவது காக்கும் வழி. எவ்வழியில் செல்வது என்பது வழக்கு வருமுன் நாம் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

ஆதலின் நம் சங்கத்தின் ஆலோசனைக்கு நான்கு காரியங்களை வைக்கின்றோம். முதலாவது, ஊர்தோறும் வீடுகளின் பதிவேடு ஒன்று எழுதுதல்: மனை அளவு, கட்டுகளின் வரைபடம், புகைப்படம், கூரையின் நிலை, பங்காளிகளின் விவரம் யாவும் அதில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுப் பங்காளிகளும் வக்கீலைக் கலந்து ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ளுதல். தம் பங்கை விற்க விரும்புவோர் முதலில் பங்காளிகளுக்கே சொல்லுதல் வேண்டும் என்பதும், மரத்தைத் தனியே பிரித்து விற்பதில்லை என்பதும் அதில் கண்டிருத்தல் வேண்டும். மணவிழாவில் இசைகுடிமானம் எழுதிக் கையொப்பமிடும் நமக்கு இது புதிய பழக்கமன்று. மூன்றாவது, படைப்புக்குக் கூடும் நாளிலேயே புள்ளிக்கு இவ்வளவு என்று கூரை நிதி தண்டி வங்கியில் தனிக் கணக்கில் வைத்தல். நான்காவது, பூட்டிக்கிடக்கும் வீட்டை ஏதேனும் ஓர் உபயோகத்துக்குத் திறத்தல்: கலியாணம், விடுதி, நூல்நிலையம், தையற்பள்ளி எதுவாயினும் சரியே. ஆள் நடமாட்டமே வீட்டுக்கு முதல் மராமத்து.

இக்காரியங்களால் பிழைப்பது வீடுகள் மட்டுமன்று. கண்ணாடிப் பலகையின்மேல் வர்ணம் வார்த்து, சிமிட்டியும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து ஆத்தங்குடிக் கல் செய்யும் தொழிலாளரும், சுண்ணாம்புக் கொத்தரும், தச்சரும் பிழைப்பர். அவ்வீடுகளை எழுப்பிய கைகள் அவர்களுடைய முன்னோரின் கைகள். நம் முன்னோர் பணம் கொடுத்தனர். அமைப்பைக் கொடுத்தோர் அவர்களும் ஆவர். பழுது பார்க்கும் வேலை இல்லையேல் அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விடுவர். அப்பால் பணமிருந்தும் பயனில்லை.

அன்பர்களே! பாகம் பிரிப்பது பாவமென்று நாம் சொல்லவில்லை. நம் வீடுகளே பாகம் பிரித்துக் கட்டப்பட்டவைதாம். அடுப்பைப் பிரித்தார்கள், அறையைப் பிரித்தார்கள், கணக்கைப் பிரித்தார்கள், வளவை மாத்திரம் பிரிக்கவில்லை. பிரிக்காது விட்ட அந்த இடத்தில்தான் வீட்டின் மதிப்பு முழுவதும் தங்கியிருக்கின்றது. இவ்வாண்டு படைப்புக்கு ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மேலேறி ஓட்டைப் பார்த்துவருமாறும், பங்காளிகளைக் கூட்டி உடன்படிக்கைப் பேச்சைத் தொடங்குமாறும் கேட்டுக்கொள்கின்றோம்.